த்ருவா-ரிவியேர் பழைய நகரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொன்றியலுக்கு விருந்தினராக வருகிறவர்கள் பெரும்பாலும் கியூபெக் நகரத்தைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். அந்த வழியின் நடுவே, சென் லோரன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் த்ருவா-ரிவியேரில் இறங்கலாமா, இறங்கினால் என்ன பார்ப்பது என்று அவர்கள் கேட்கும் ஐயங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். நுழைவுக் கட்டணங்களும் திறக்கும் நேரங்களும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் அவற்றைத் தரவில்லை. புறப்படும் முன் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

த்ருவா-ரிவியேர் எங்கே இருக்கிறது? மொன்றியலிலிருந்து போய்விட்டு அன்றே திரும்பிவிடலாமா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், சென் லோரன்ஸ் ஆற்றின் வட கரையில், மொன்றியலுக்கும் கியூபெக் நகரத்துக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. மொன்றியலிலிருந்து சுமார் 140 கி.மீ.; கியூபெக் நகரத்திலிருந்து சுமார் 130 கி.மீ. இரண்டு பக்கத்திலிருந்தும் 40ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் போதும். ஆகவே காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்புவதில் சிரமம் ஒன்றுமில்லை.

2021 கணக்கெடுப்பின்படி நகரத்தின் மக்கள்தொகை சுமார் 1,39,000. 2002இல் அக்கம்பக்கத்து ஊர்கள் பலவற்றை இணைத்ததனால் வரைபடத்தில் அது பரந்து கிடப்பதாகத் தெரியும். நீங்கள் பார்க்க வேண்டிய பழைய நகரமோ கால்நடையாகவே சுற்றிவிடக்கூடிய அளவுதான்.

கார் இல்லாமல் போக முடியுமா? ரயில் இருக்கிறதா?

பேருந்து இருக்கிறது, ரயில் இல்லை. பயணிகள் ரயில் சேவை 1990இல் நின்றுபோயிற்று. ரொறன்ரோவையும் கியூபெக் நகரத்தையும் இணைக்கத் திட்டமிடப்பட்டிருக்கும் அதிவேக ரயில் பாதையில் த்ருவா-ரிவியேருக்கும் ஒரு நிலையம் உண்டு என்று 2025இல் அறிவித்திருக்கிறார்கள். அதை நம்பி இந்தக் கோடைக்குத் திட்டம் போட முடியாது. பேருந்தில் வருகிறவர்கள் பழைய நகரத்தை நடந்தே பார்க்கலாம். கீழே சொல்லப்படும் இரும்பாலைக்கும் மாதா திருத்தலத்துக்கும் மட்டும் வாகனம் வேண்டும்.

'மூன்று ஆறுகள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தது இரண்டு ஆறுகளைத்தான். மூன்றாவது எங்கே?

மூன்றாவது ஆறு என்று ஒன்று இல்லை. வடக்கேயிருந்து வரும் சென் மொரிஸ் ஆறு, சென் லோரன்ஸில் கலக்கும் இடத்தில் தீவுகளால் பிளவுபட்டுப் பல கால்வாய்களாக விழுகிறது. சென் லோரன்ஸில் படகேறி வந்த பிரெஞ்சு மாலுமிகளின் கண்ணுக்கு அது மூன்று ஆறுகளின் முகத்துவாரமாகத் தெரிந்தது; பெயர் நிலைத்துவிட்டது.

அந்தத் தீவுகளில் ஒன்றான சென் கான்தேன் தீவு இப்போது நீச்சல் கரையும் நடைபாதைகளும் கொண்ட பூங்கா. 1535 அக்டோபரில் இந்த முகத்துவாரத்துத் தீவொன்றில் பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்த்தியே சிலுவை நாட்டியதை நினைவுகூரும் சிலுவை ஒன்றும் அங்கே உண்டு. பக்கத்துத் தீவில் காகித ஆலை இருக்கிறது.

பழைய நகரம் என்று எந்தப் பகுதியைச் சொல்கிறார்கள்?

ஆற்றங்கரைக்கும் பேராலயத்துக்கும் இடைப்பட்ட, பதினைந்து நிமிடத்தில் குறுக்கே நடந்துவிடக்கூடிய பகுதி. இதனுள் இரண்டு தெருக்களை மனத்தில் வைத்துக்கொண்டால் வழி தவறாது. ஒன்று, ஆற்றுக்கு இணையாகப் போகும் உர்சுலின் தெரு. மற்றது, ஆற்றங்கரையிலிருந்து மேல்நோக்கிப் போகும் ஃபோர்ஜ் தெரு. முதலாவது அமைதியான கல் வீடுகளின் தெரு. இரண்டாவது கடைகளும் உணவகங்களும் நிறைந்த கடைத்தெரு.

உர்சுலின் தெருவைச் சுற்றிய பகுதியை மாகாண அரசு 1964இல் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தது. வாகனத்தை எங்காவது நிறுத்திவிட்டு முதலில் இந்தத் தெருவுக்கே போங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. ஃபோர்ஜ் தெருவில் இறங்கி, ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டு, 'சாதாரண ஊர்தானே' என்று திரும்பிப் போனவர்கள் பலர்.

1634இல் தோன்றிய நகரம் என்கிறார்கள். ஆனால் கட்டடங்கள் அவ்வளவு பழையவையாகத் தெரியவில்லையே?

நியாயமான கேள்வி. சாமுவேல் த ஷம்ப்லேனின் ஆணைப்படி லவியோலெட் என்பவர் 1634 ஜூலை 4 அன்று இங்கே கோட்டை கட்டத் தொடங்கினார். 1608இல் தொடங்கிய கியூபெக் நகரத்துக்கு அடுத்ததாக, வட அமெரிக்காவில் பிரான்சின் குடியேற்றமாக இருந்த நியூ பிரான்சில் எழுந்த நிலையான குடியிருப்பு இதுதான். மொன்றியல் 1642இல்தான் வருகிறது. அந்த முதல் மரக் கோட்டையில் எதுவும் மிஞ்சவில்லை. அது நின்ற மேட்டை இன்றும் 'ப்ளத்தோன்' என்றே அழைக்கிறார்கள்.

உங்களுக்கு ஏற்படும் ஏமாற்றத்துக்கு உண்மையான காரணம் 1908 ஜூன் 22. அன்று மூண்ட தீ, மரத்தால் ஆன வீடுகள் நெருக்கமாக நின்ற வணிகப் பகுதியைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பங்குக் கோயிலும் அதில் போயிற்று. தீ எட்டாத உர்சுலின் தெருவும் அதைச் சுற்றிய சில வீடுகளும் தப்பின. எஞ்சிய இடத்தில் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அதனால் இந்த நகரத்தில் தெருக்களின் போக்கு பழையது. சுவர்கள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

தெருவில் நின்றே இந்த எல்லையைக் கண்டுகொள்ளலாம். செங்குத்தாகச் சரியும் கூரை, கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு சாளரங்கள், முழங்கை ஆழத்துக்குத் தடித்த கல் சுவர் ஆகியவை தெரிந்தால் நீங்கள் தீக்கு முந்திய ஊரில் நிற்கிறீர்கள். தட்டையான கூரையும், உச்சியில் அலங்கார விளிம்பும், கீழ்த்தளத்தில் அகலமான கடைக் கண்ணாடியும் தெரிந்தால் தீக்குப் பிந்திய ஊருக்கு வந்துவிட்டீர்கள்.

உர்சுலின் தெருவில் குறிப்பாக எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் உர்சுலின் கன்னியர் மடம். இந்தச் சபையினர் 1697இல் இங்கே வந்து பெண் குழந்தைகளுக்குப் பள்ளியும் நோயாளருக்கு மருத்துவமனையும் நடத்தினார்கள். 1752இலும் 1806இலும் மடம் தீப்பிடித்து மீண்டும் கட்டப்பட்டது. தெருவிலிருந்தே நிமிர்ந்து பார்த்தால் சுவரில் ஒரு சூரியக் கடிகாரம் தெரியும்; அதில் நாள்கள் நிழலைப் போன்றவை என்ற பொருள்படும் இலத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. மேகமூட்டமான நாளில் போனால் கடிகாரம் வேலை செய்யாது, வாசகம் மட்டும் வேலை செய்யும்.

மடத்தின் ஒரு பகுதி இப்போது அருங்காட்சியகம். தேவாலய உடைகளில் செய்யப்பட்ட தங்க இழைப் பூவேலை எல்லாக் கன்னியர் மடங்களிலும் இருப்பதுதான். பெர்ச் மரப்பட்டையில் மூஸ் மானின் மயிரைச் சாயமேற்றி நூலாகக் கோத்துப் பூக்கள் தைக்கும் கலை அப்படியல்ல. பழங்குடியினரின் பொருள்களும் பிரெஞ்சுக் கன்னியரின் ஊசியும் சேர்ந்ததனால் உருவான அதற்கு இந்த மடம் பேர்பெற்றது. காட்சிப் பொருள்கள் மாறிக்கொண்டிருக்கும். இத்தகைய துண்டு ஒன்று வைக்கப்பட்டிருந்தால் கண்ணாடிக்கு அருகே குனிந்து பாருங்கள். இதழின் ஓரத்தில் நிறம் மாறுவது ஒவ்வொரு மயிராகத் தெரியும்.

அதே தெருவில் ஆங்கிலிக்கன் சபையின் சென் ஜேம்ஸ் தேவாலயம் இருக்கிறது. அது ரெகொலே துறவியர் கட்டிய கத்தோலிக்க மடம். பிரித்தானியர் கைப்பற்றிய பின் சிறையாகவும் நீதிமன்றமாகவும் இருந்துவிட்டு ஆங்கிலிக்கன் ஆலயமானது. 1756இல் ஒரு பிரெஞ்சுப் படை அதிகாரி கட்டிய த கான் வீட்டை வெளியிலிருந்து பார்க்கலாம். படைத் திடலை ஒட்டி நிற்கும் தோனாங்கூர் மாளிகை 1720களில் எழுந்து, தீக்கிரையாகி, 1790களில் மீண்டும் கட்டப்பட்டது. இப்போது அதற்குள் ஓவியக் கூடம் நடக்கிறது.

கியூபெக் நகரத்தைப் பார்த்தாகிவிட்டது. இதையும் பார்க்க வேண்டுமா?

கியூபெக் நகரத்தின் சிறிய பதிப்பை எதிர்பார்த்தால் வேண்டாம். மதில் இல்லை, மலை இல்லை, கோட்டை போன்ற விடுதி இல்லை. அங்கே போன பிறகு இங்கே வருகிறவர்கள் ஒப்பிட்டு ஒப்பிட்டே நாளைக் கழித்துவிடுகிறார்கள்.

இங்கே பார்க்க வேண்டியது வேறு. விலங்குத் தோல் வணிகத்தில் பிறந்து, இரும்பிலும் மரத்திலும் பிழைத்து, காகிதத்தில் செழித்து, காகிதம் தளர்ந்ததும் தடுமாறிய ஓர் உழைப்பாளிகளின் ஊர், இப்போது தன் பழமையை விருந்தினருக்குக் காட்டக் கற்றுக்கொண்டிருக்கிறது. கூட்டம் குறைவு. அருங்காட்சியகத்தில் வழிகாட்டியிடம் நின்று கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். இரண்டு நகரங்களையும் பார்ப்பதாக இருந்தால் போகும்போதே இங்கே இறங்குங்கள், திரும்பும்போது வேண்டாம்.

பிரெஞ்சு தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் மொன்றியலைப் போல நினைத்துக்கொண்டு போகக்கூடாது. இங்கே மிகப் பெரும்பான்மையோர் வீட்டிலும் வெளியிலும் பிரெஞ்சு மட்டுமே பேசுகிறவர்கள். விடுதிகளிலும் பெரிய அருங்காட்சியகங்களிலும் ஆங்கிலம் கிடைக்கும். சிறிய கடையில் கிடைக்காமல் போகலாம். உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' என்று சொல்லிவிட்டு அதன் பிறகு ஆங்கிலத்துக்கு மாறுவதும், எடுத்த எடுப்பில் ஆங்கிலத்தில் கேட்பதும் ஒரே விளைவைத் தருவதில்லை.

வழிகாட்டியுடன் சுற்றிக்காட்டும் இடங்களில் ஆங்கிலச் சுற்று எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அது ஒரு நாளில் ஓரிரு முறை மட்டும் இருக்கக்கூடும். வாகனம் நிறுத்தும் இடத்துப் பலகைகளும் பிரெஞ்சில்தான் இருக்கும். அவற்றில் மணியும் கிழமையும் மாதமும் சுருக்கமாக எழுதப்பட்டிருக்கும். புரியாவிட்டால் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்ப்பது அபராதத்தைவிட மலிவு.

ஒரு நாள் போதுமா? எந்த வரிசையில் நடப்பது?

பழைய நகரத்துக்கு ஒரு முழு நாள் போதும். காலையில் உர்சுலின் தெருவும் மடத்து அருங்காட்சியகமும். அங்கிருந்து இறங்கி ஆற்றங்கரை. மதியச் சாப்பாட்டுக்கு ஃபோர்ஜ் தெரு. பிற்பகலில் பழைய சிறை அல்லது காகித அருங்காட்சியகம், இரண்டில் ஒன்று. இரண்டையும் ஒரே பிற்பகலில் திணித்தால் இரண்டுமே மனத்தில் நிற்காது. இரவு தங்குகிறவர்கள் மற்றதையும், இரும்பாலையையும் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆற்றங்கரையில் என்ன இருக்கிறது? வெறும் துறைமுகம்தானே?

துறைமுகம்தான், அதுவே பார்க்கத்தக்கது. துர்கோத் மாடம் என்று அழைக்கப்படும் மேட்டு நடைபாதையும் அதன் கீழே துறைமுகப் பூங்காவும் ஆற்றை ஒட்டிப் போகின்றன. கடலிலிருந்து பெரும் ஆற்றின் வழியாக உள்நாட்டுக்குப் போகும் சரக்குக் கப்பல்கள், கரையில் நிற்கிறவர் மாலுமியின் சட்டை நிறத்தைச் சொல்லிவிடக்கூடிய அளவுக்கு நெருங்கி வந்து கடக்கும். குளிர்காலத்திலும் பனிக்கட்டி உடைக்கும் கப்பல்களின் துணையோடு போக்குவரத்து நடக்கிறது. கடலின் ஏற்றவற்றம் ஏறத்தாழ இந்த ஊர்வரைதான் எட்டுகிறது; அதுவும் இங்கே மிகச் சிறிதளவே.

மேற்கே தெரியும் நீண்ட இரும்புப் பாலம் 1967 டிசம்பரில் திறக்கப்பட்ட லவியோலெட் பாலம். மொன்றியல் வட்டாரத்துக்கும் கியூபெக் நகரத்துக்கும் இடையில் சென் லோரன்ஸைக் கடக்க வேறு பாலம் இல்லை. எதிர்த் திசையில், சென் மொரிஸ் முகத்துவாரத்தில், சிவப்பு அடிப்பாகம் கொண்ட அகன்ற கூரையோடு தெரிவது 2015இல் திறந்த திறந்தவெளி அரங்கம். கோடையில் அங்கே பெரிய நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

பழைய சிறைச்சாலைக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களை அழைத்துப் போகலாம். சிறு குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம் என்பது என் கருத்து. பயமுறுத்தும் பொம்மைகளோ ஒலிகளோ அங்கே இல்லை. ஆனால் வழிகாட்டி சொல்லும் செய்திகள் கனமானவை. பிரான்சுவா பையார்ஜே வரைந்த திட்டப்படி கட்டி 1822இல் திறந்த இந்தக் கல் கட்டடம், 1986வரை உண்மையாகவே சிறையாக இயங்கியது. தம் வாழ்நாளில் அதற்குள் இருந்தவர்கள் இன்றும் ஊரில் உண்டு. முன்னாள் கைதிகளே வழிகாட்டிகளாக இருந்த காலமும் உண்டு.

நாற்பது பேருக்கென்று கட்டிய இடத்தில் அதைவிட அதிகமான பேரை அடைத்து வைத்திருந்தார்கள். சுவர்களில் கைதிகளின் கிறுக்கல்கள் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. நிலவறைத் தனிக்கொட்டடிக்குள் நுழைந்து கதவைச் சாத்தினால், சிறைக் கதைகளைச் சுவைபடக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்திலேயே கியூபெக் மக்களின் அன்றாட வாழ்வைச் சொல்லும் பொப் அருங்காட்சியகம் இருக்கிறது. சிறு குழந்தைகள் இருந்தால் பெற்றோரில் ஒருவர் அவர்களோடு அங்கே இருக்கலாம்.

காகிதத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

இந்த ஊரின் இருபதாம் நூற்றாண்டே காகிதம்தான். சென் மொரிஸ் ஆறு பாய்ந்து வரும் வட காடுகளில் மரம் இருந்தது. அதே ஆற்றின் அருவிகளில் மின்சாரம் கிடைத்தது. முகத்துவாரத்தில் கப்பல் துறை இருந்தது. வெட்டிய கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டால் அவை தாமாகவே ஆலை வாசலுக்கு வந்து சேர்ந்தன. 1930களில் செய்தித்தாள் காகிதத்தின் உலகத் தலைநகரம் என்று இந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொண்டது வெறும் வீம்பு அல்ல. தீக்குப் பின் எழுந்த கடைத்தெருவின் கட்டடங்கள் உறுதியோடும் ஓரளவு பகட்டோடும் இருப்பதற்கு அந்தக் கூலிப் பணமும் ஒரு காரணம். 1990களில் கட்டை மிதக்கவிடுவது நின்றது. பெரிய ஆலைகளில் சில மூடப்பட்டன.

முகத்துவாரத்தில் இருந்த ஆலையொன்றின் நீர் வடிகட்டும் நிலையமே இன்று போரேயாலிஸ் அருங்காட்சியகம். பழைய நகரத்திலிருந்து ஆற்றோரமாக நடந்தே போய்விடலாம். அங்கே கையால் ஒரு தாள் காகிதம் செய்து பார்க்கலாம்: கூழைச் சல்லடைச் சட்டத்தில் அள்ளி, ஆட்டி, நீர் வடிந்ததும் துணியின் மேல் கவிழ்த்தால், ஈரமான ஒரு தாள் நடுங்கிக்கொண்டு கிடக்கும். நிலத்தடியில் இருக்கும் பழைய நீர்த்தேக்க அறைகளுக்குள் கைவிளக்கோடு இறங்குவதும் உண்டு. சிறைச்சாலையையா இதையா என்று கேட்டால், குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சுவர்களில் சின்னச் சின்னப் பலகைகளில் ஏதோ எழுதியிருக்கிறது. விளம்பரமா?

கவிதை. நகர மையத்தின் சுவர்களில் சுமார் முந்நூறு பலகைகளில் கியூபெக் கவிஞர்களின் காதல் கவிதை வரிகளைப் பதித்திருக்கிறார்கள். 1985 முதல் ஒவ்வொரு அக்டோபர் தொடக்கத்திலும் இங்கே பன்னாட்டுக் கவிதை விழா நடக்கிறது. உலகின் பல நாடுகளிலிருந்து வரும் கவிஞர்கள் அரங்குகளில் மட்டுமன்றிக் காப்பிக் கடைகளிலும் உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் வாசிப்பார்கள்.

பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு இதில் என்ன பயன் என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டு மூன்று வரிகள்தாம். கைப்பேசியின் உதவியோடு படித்துவிடலாம். அடகுக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவே ஒரு காதல் வரி இருப்பதைப் பார்ப்பதற்கு மொழி தேவையில்லை.

பெரிய மாதா கோயில் பழைய நகரத்திலேயே இருக்கிறதா?

இல்லை. இரண்டு ஆலயங்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய நகரத்தின் மேல் ஓரத்தில் நிற்பது விண்ணேற்பு அன்னை பேராலயம். விக்தோர் பூர்ஜோ வடிவமைத்து 1858இல் திறந்த கோதிக் பாணிக் கட்டடம் அது. அதன் சிறப்பு உள்ளேதான் இருக்கிறது: இத்தாலியில் பிறந்து மொன்றியலில் வாழ்ந்த குயிதோ நின்கேரி 1920களிலும் 1930களிலும் செய்த, நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே போக வேண்டும். வழிபாடு நடக்கும் நேரத்தில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

யாத்திரிகர்கள் போகும் திருத்தலம், சென் மொரிஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கப்-த-லா-மத்லேன் பகுதியில் இருக்கும் நோத்ரதாம்-து-கப். எண்கோண வடிவிலான அதன் பெரிய ஆலயம் 1964இல் நிறைவுற்றது. அருகிலேயே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சிறு கல் ஆலயம் நிற்கிறது. 1879 மார்ச்சில், புதிய ஆலயத்துக்கு வேண்டிய கல்லை அக்கரையிலிருந்து கொண்டுவர வழியில்லாதபோது சென் லோரன்ஸ் ஆற்றில் பனிக்கட்டிப் பாலம் உருவானது என்பதே இத்தலத்தின் மூலக் கதை. மக்கள் அந்தப் பாலத்தின் மேல் கல்லை இழுத்து வந்தார்கள். நன்றிக்கடனாகப் பழைய சிறு ஆலயத்தை இடிக்காமல் விட்டுவிட்டதாகச் சொல்வார்கள்.

ஃபோர்ஜ் தெரு என்றால் உலைத் தெருவாமே. உலை எங்கே?

தெருவில் இல்லை, நகர மையத்திலிருந்து வடக்கே காரில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். 1730இல் அரச அனுமதி பெற்றுத் தொடங்கிய சென் மொரிஸ் இரும்பாலை, கனடாவின் முதல் இரும்புத் தொழிற்சாலை. கணப்பு அடுப்புகளும் பானைகளும் பீரங்கிக் குண்டுகளும் செய்து 1883வரை இயங்கியது. இப்போது தேசிய வரலாற்றுத் தலம். கோடையில் மட்டும் திறந்திருக்கும். ஊது உலையின் அடித்தளத்தைச் சுற்றி எழுப்பிய கட்டடமும், நிலத்திலிருந்து இயற்கை எரிவாயு குமிழியிட்டு வரும் 'சாத்தான் ஊற்று' என்ற இடமும் பார்க்கத்தக்கவை.

அமெரிக்கர்கள் இந்த ஊர்க் கன்னியருக்கு இன்னும் கடன் பாக்கி என்கிறார்களே, உண்மையா?

போர் உண்மை, மருத்துவமும் உண்மை. அமெரிக்கப் புரட்சிப் படைகள் கனடாவைத் தாக்கியபோது 1776 ஜூன் 8 அன்று இந்த ஊரருகே நடந்த சண்டையில் அவர்கள் தோற்றார்கள். உர்சுலின் மடத்து மருத்துவமனையில் அமெரிக்கப் படையினருக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டது. அதற்கான கட்டணம் வந்து சேரவில்லை என்றும், வட்டியோடு கணக்கிட்டால் பெருந்தொகை ஆகும் என்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள். வட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். அதைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த மாதத்தில் போவது? குளிர்காலத்தில் பயன் உண்டா?

ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதிவரை. இலைகள் நிறம் மாறும் நாள்களும் கவிதை விழாவும் சேர்ந்து வருவதனால் அக்டோபரின் முதல் வாரத்தை நான் விரும்பிச் சொல்வேன். ஆகஸ்டில் 1967 முதல் நடந்துவரும் தெருக் கார்ப் பந்தயத்தின்போது மட்டும் எச்சரிக்கை தேவை. விடுதிகள் நிரம்பிவிடும், விலை ஏறிவிடும், எஞ்சின் இரைச்சலும் நகரத்தில் கேட்கும். பந்தயம் பார்க்க வருகிறவர்களுக்கு அதுவே கொண்டாட்டம்.

குளிர்காலத்தில் ஆற்றங்கரைக் காற்று கடுமையானது. சில இடங்கள் மூடியிருக்கும் அல்லது வார இறுதியில் மட்டும் திறக்கும். சிறையும் பேராலயமும் பார்த்துவிட்டு வர அரை நாள் போதும்.

அம்மாவால் அதிகம் நடக்க முடியாது. அழைத்துப் போகலாமா?

தாராளமாக. உர்சுலின் தெரு சமதளம். ஆற்றங்கரையில் மேல் நடைபாதையிலேயே இருக்கைகள் உண்டு. கீழே இறங்கினால்தான் படிகள். பழைய சிறை மட்டும் இரு நூற்றாண்டுப் பழமையான கட்டடம் என்பதால், படிகளைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உறைபனி உள்ள மாதங்களில் வழுக்கும் நடைபாதையே பெரிய ஆபத்து.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பெயரைப் பார்த்து நம்பக்கூடாது. பூத்தின் என்பது உருளைக்கிழங்கு வறுவலும் பாலாடைக்கட்டியும் மட்டும் என்று எண்ணிப் பலர் வாங்குகிறார்கள். அதன் மேல் ஊற்றும் பழுப்புக் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. மரபான பட்டாணிச் சூப்பிலும் சுட்ட அவரையிலும் பன்றிக் கொழுப்புச் சேர்வது வழக்கம். காய்கறிக் குழம்பு ஊற்றிய பூத்தின் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பழமும் மேப்பிள் பாகும் வைத்த கிரேப் அப்பம் பாதுகாப்பானது. பட்டியலில் உள்ள விலையோடு 5 சதவீத மத்திய வரியும் 9.975 சதவீத மாகாண வரியும், பரிமாறுகிறவருக்கு ஏறத்தாழ 15 சதவீதமும் சேரும்.

டுப்லெசி என்பவருக்குச் சிலை இருக்கிறது. அவரைப் பலர் திட்டுகிறார்களே?

மொரிஸ் டுப்லெசி 1890இல் இந்த ஊரில் பிறந்தவர். 1936 முதல் 1939வரையும், 1944 முதல் 1959இல் இறக்கும்வரையும் கியூபெக் முதல்வர். மாகாணத்தின் நீல வெள்ளைக் கொடியை 1948இல் ஏற்றியவர் அவர்தான். தொழிற்சங்கங்களை ஒடுக்கியதும், பொதுவுடைமைக் கருத்தைப் பரப்பும் இடங்களைப் பூட்டுப்போட 1937இல் சட்டம் கொண்டுவந்ததும் அவர்தான். அவருடைய ஆட்சிக்காலத்தைப் 'பெரும் இருள்' என்று அழைக்கிறவர்கள் உண்டு. சொந்த ஊரில் இன்னும் அபிமானம் மிச்சமிருக்கிறது. சிலையைப் பார்த்துவிட்டு உள்ளூர்க்காரரிடம் கருத்துக் கேட்பதாக இருந்தால் நேரம் ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள்.

அவரைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறவர் எசேக்கியல் ஹார்ட். 1807இல் த்ருவா-ரிவியேர் வாக்காளர்கள் இவரைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். யூதர் என்பதால் மன்றம் அவரை வெளியேற்றியது. மறுதேர்தலிலும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள், மீண்டும் வெளியேற்றியது. யூதர்களுக்குச் சம உரிமை தரும் சட்டம் அங்கே 1832இல்தான் வந்தது.

லவியோலெட் வருவதற்கு முன் இங்கே யாருமே இல்லையா?

இருந்தார்கள். சென் மொரிஸ் முகத்துவாரம், பிரெஞ்சுக்காரர் கோட்டை கட்டுவதற்கு முன்பே அல்கொங்கின், இன்னு, அத்திகமெக் மக்கள் கூடிப் பண்டம் மாற்றிய இடம். தோல் வணிகம் ஏற்கெனவே அங்கே நடந்ததனால்தான் கோட்டையையும் அங்கே கட்டினார்கள். லவியோலெட்டைப் பற்றியோ மிகக் குறைவான செய்திகளே கிடைத்திருக்கின்றன. அவருடைய நினைவுச் சின்னத்தில் நீங்கள் பார்க்கும் முகம் சிற்பியின் கற்பனை. 1645 ஜூலையில் மொகாக் பழங்குடியினரின் தூதர் கியோட்சேட்டன் இங்கே வந்து, வாம்பும் மணிப்பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் சொல்லிச் சமாதானம் பேசினார். அந்தச் சமாதானம் ஓரிரு ஆண்டுகளே நீடித்தது.

பழைய நகரத்துப் பலகைகளில் இந்தப் பகுதி குறைவாகவே இடம்பெறுகிறது. விரிவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் லவியோலெட் பாலத்தைக் கடந்து தென் கரைக்குப் போக வேண்டும். அங்கே வோலினக், ஒதனக் என்ற இரண்டு அபெனாக்கிப் பழங்குடி ஊர்கள் இருக்கின்றன. ஒதனக்கில் அபெனாக்கி மக்களின் அருங்காட்சியகம் உண்டு; த்ருவா-ரிவியேரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தென் கரை வழியாகவே மொன்றியல் திரும்பவும் சாலை இருப்பதால், வந்த வழியே மீண்டும் போக வேண்டியதில்லை.